தங்கம் எரியாதுங்க

வண்டி போன பிறகும்
முன்னறையில் பனியன் வேஸ்ட் மூட்டைகள்
உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தன.
பஞ்சு அப்படித்தானுங்க, என்றார் அவிநாசி ஸ்டேஷன்காரர்,
வெளியே நனையும், வயித்துல கனலும்,
ரெண்டு மூணு நாளைக்கு ஒரு கண் இருக்கட்டும்.

மெயினைத் தொடாதீங்க.
சிலிண்டர் வெளியிலேயே கிடக்கட்டும்.
மூடிய டப்பா என்றாலும்
மாவு, மாத்திரை, எண்ணெய் எல்லாம் குப்பைக்கு.
போட்டோ எடுக்கும்வரை எதையும் கூட்டாதீங்க.
சொன்னவர்கள் போய்விட்டார்கள்.
துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி
கூட்டக்கூடாத என் வீட்டு வாசலில்
நான் நின்றேன்.

அடுத்த காம்பவுண்டு ஜமீலாக்கா
ரெண்டு நைட்டி, ஒரு சோப்பு,
ஒரு போன் சார்ஜர் கொண்டுவந்தாள்.
சார்ஜர் எப்படித் தோன்றியது அவளுக்கு?
அதைப் பார்த்துத்தான் முதலில் அழுதேன்.

துவரம்பருப்பு டப்பாவில் நான் ஒளித்த
பதினோராயிரம்
பாதி கருகிக் கிடைத்தது அவர் கையில்.
நொறுங்காமல் நியூஸ் பேப்பரில் வைத்து,
பேங்க்கில் மாத்தித் தருவாங்க என்று நீட்டினார்.
எண்ணவில்லை.
ஏது என்று கேட்கவுமில்லை.

லோனுக்காக வேண்டாவெறுப்பாய்ப் போட்ட பாலிசிக்கு
கோயமுத்தூரிலிருந்து சர்வேயர் வந்தார்,
செருப்பின் மேல் பாலித்தீன் கவர் கட்டிக்கொண்டு.
அறை அறையா எழுதுங்கம்மா.
வாங்கின வருஷம், விலை, பில் இருந்தா பில்.
பில் வைத்திருந்த பீரோவையும் எழுதணுங்களா?
எழுதுங்க, என்றார். சிரிக்கவில்லை.

பவர் டேபிள் மூன்று.
ஓவர்லாக் ஒன்று, நாலு தவணை பாக்கி.
கிரைண்டர், என் அம்மா வீட்டுச் சீர்.
கீர்த்திவாசனின் பத்தாவது மார்க்‌ஷீட்,
விலைக்கு நேரே ஒரு கோடு.
ஆரம், ஆறு பவுன்.

பேனா அந்த இடத்தில் நின்றது, அவருடையது.
தங்கம் எரியாதுங்கம்மா.
உருகும். எங்கேயும் போயிடாது.
சாம்பலைச் சலிச்சுப் பாருங்க,
கட்டியாக் கெடைக்கும், எடை போட்டுக்கலாம்.

மாவுச் சல்லடையை இரவல் வாங்கிச் சலித்தேன்.
சாவி கிடைத்தது. கொக்கிகள் கிடைத்தன.
மகளின் கொலுசு
புளியங்கொட்டை அளவு உருண்டையாய்
என் உள்ளங்கையில் உட்கார்ந்தது.
வெள்ளியே இருக்கிறது, தங்கம் எங்கே போகும்?
இரண்டாம் நாளும் சலித்தேன்.
மூக்கில், பல்லிடுக்கில், பேச்சில்
என் வீடு கரகரத்தது.
அவர் வாசலில் மூட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்,
தேவைக்கும் அதிகமாக.

மூன்றாம் நாள் கொத்தனார் வந்தார்.
ஏணியில் ஏறி, சுத்தியல் பிடியால்
தார்சைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்.
ணங்குன்னா தங்கும்,
பொத்துன்னா இடிச்சே ஆகணுமுங்க.
ணங். ணங்.
சாமி மூலைக்கு மேலே
பொத்.

அப்போதுதான் அவர்
சல்லடையின் மறு ஓரத்தைப் பிடித்தார்.
சலிக்காதே பூங்கொடி.
எந்தச் சலிப்பைச் சொன்னாரோ.
அதுல இல்ல, என்றார்.
பின்னே?
ஓவர்லாக்குக்கு முன்பணம். போன ஆடியில.
அடகுல இருக்குது.

ஏணியில் கொத்தனார் அசையவில்லை.
எனக்கு வாய்வரை வந்த சொற்கள்
ஒன்றிரண்டல்ல.
இந்த மூன்று நாளும்
நான் மண்டியிட்டுச் சலித்ததை
பார்த்துக்கொண்டே நின்றாயே என்பது முதல் சொல்.
பருப்பு டப்பா ஞாபகம் வந்தது,
சரியாக அந்த நேரம் பார்த்து.

எழுந்து கை கழுவினேன்.
பட்டியலை எடுத்து
ஆறு பவுன் ஆரத்தை அடித்தேன்,
படிக்க முடியாதபடி
திரும்பத் திரும்ப அடித்தேன், தாள் கிழிய.
ரசீது எங்கே?
பீரோவில், என்றார்,
பீரோ இருந்த திசையைப் பார்த்து.

நகல் கேட்க வேண்டியவை என்று
இன்னொரு தாள் வைத்திருந்தேன்:
ரேஷன் கார்டு, கிரயப் பத்திரம்,
மார்க்‌ஷீட், கேஸ் புக்.
ஐந்தாவதாக எழுதினேன்,
அடகு ரசீது.

எத்தனை மாத வட்டி என்று
அப்போது கேட்கவில்லை.
மூட்டையில் இன்னும் புகை இருந்தது.